அன்னக்கனியின் சாட்சி

கண்ணை மூடியாயிற்று. இனி முழங்கால் வலித்தாலும் கொசு கடித்தாலும் கடைசி ஆமென் சொல்லும்வரை திறக்கக் கூடாது. சங்கிலி ஜெபம் என்றால் ஒருத்தி முடித்ததும் பக்கத்தில் இருக்கிறவள் தொடங்க வேண்டும், நடுவில் இடைவெளி விழக் கூடாது, யாரும் யாரையும் மறித்துப் பேசக் கூடாது. புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் பெண்கள் சங்கம், சபையில் யார் வீட்டில் நோயாளி உண்டோ அந்த வீட்டுக்குப் போகும். இன்றைக்கு அன்னக்கனி வீடு. சபைப் போதகரை ஐயர் என்போம், அவர் சம்சாரத்தை ஐயரம்மா என்போம், அவர்கள் முதலில் ஜெபிப்பார்கள். அடுத்து டெய்சி. அப்புறம் தெம்பு இருந்தால் கட்டிலில் சாய்ந்திருக்கிற அன்னக்கனி. கடைசியில் நான். எப்போதும் நான்தான் கடைசி, எமிலி டீச்சர் ஜெபித்த பிறகு யார் ஜெபித்தாலும் எடுபடாது என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. மூன்று பேரும் முடிக்கக் கால் மணி நேரம், டெய்சி இருப்பதால் இருபது நிமிஷம். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்து, ஆண்டவரே, நீர் எனக்குச் செய்ததென்று முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் நான் சொன்ன சாட்சி என்னுடையது இல்லை, கட்டிலில் கிடக்கிற இவளுடையது, நான் அதைத் திருடினேன் என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஜெபத்தில் என்றால் எல்லார் கண்ணும் மூடியிருக்கும், ஒருவரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள், கடவுளிடம் சொல்கிற மாதிரி அவள் காதில் போட்டுவிடலாம். எழுபத்தொரு வயசில் என்ன தந்திரம் பாருங்கள். அவளுக்கு வயிற்றில் கட்டி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிப் பத்து நாள் ஆகிறது. போன புதன் வரலாம் என்றிருந்தேன், போன புதன் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. நிஜமான தலைவலிதான். ஆனால் அது வந்ததில் எனக்குச் சந்தோஷம். இன்றைக்குத் தலை வலிக்கவில்லை.

ஐயரம்மா ஜெபம் நிதானமாகப் போகிறது. காலையிலிருந்து இந்நேரம் வரை காத்தீரே, வழியில் ஒரு பொல்லாப்பும் வராமல் நடத்தினீரே. மேலே மின்விசிறி ஒரு பக்கமாகத் தட்டுகிறது. தைல வாசனை, அதற்கடியில் நோய் வாசனை, அதற்கும் அடியில் அன்னக்கனியின் மருமகள் எப்சி எங்களுக்காகக் கொதிக்க வைக்கிற தேயிலை வாசனை. கண்ணை மூடுவதற்கு முன்னால் பார்த்துத் தொலைத்தேன், கட்டில் பக்கத்து முக்காலியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருக்கிறது. பார்த்திருக்கக் கூடாது. மருந்து கொடுத்துக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான் என்று மனசுக்குச் சொன்னேன். மனசு கேட்டால்தானே. நான் ஒருத்தர் பொருளில் கை வைக்கிறவள் இல்லை, இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், ஒரு சாக்பீஸ் துண்டு என் பையோடு வீட்டுக்கு வந்ததில்லை. ஒரு தடவை வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்டு. திங்கள் காலை முதல் வேலையாக அதை மேசையில் வைத்துத் தலைமையாசிரியரிடம் சொன்னேன், அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மழைநாளில் கோயில் வாசலில் குடை மாறி, பாதி வழியில் கைப்பிடி வேறாக இருப்பதைக் கண்டு நனைந்துகொண்டே திரும்பி நடந்திருக்கிறேன். உலை வைக்கும் முன்னால் ஒரு பிடி அரிசி கோயிலுக்கென்று தகர டப்பாவில் எடுத்து வைப்போமே, வீட்டில் அரிசி தீர்ந்த நாளில்கூட அந்த டப்பாவைத் திறந்ததில்லை, அது என்னுடையது இல்லையே. ஓய்வுநாள் பள்ளியில் களவு செய்யாதே என்கிற எட்டாம் கற்பனை வந்தால் மற்ற டீச்சர்மார் ஒரு வாரத்தில் முடிப்பார்கள், நான் மூன்று வாரம் எடுப்பேன். பிறர் பொருள் என்றால் பையில் இருக்கிறது மட்டும் இல்லை பிள்ளைகளா, பிறர் நேரம், பிறர் பேர், பிறர் உழைப்பு, எல்லாம் பிறர் பொருள்தான், கடவுள் அவரவருக்கு அளந்து கொடுத்தது, அதைத் தொட்டால் கொடுத்தவர் கையையே தட்டிவிட்ட மாதிரி. இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்த வாய் இது. பக்கத்துத் தோட்டத்துக் கொய்யாவைப் பறித்து வந்த சின்னப்பிள்ளை ஒருத்தியை, கடித்த கொய்யாவோடு திருப்பி அனுப்பினேன். கடிச்சத எப்படி டீச்சர் குடுக்க என்று அழுதாள். கடித்ததையே கொடு, மன்னிப்புக் கேள் என்றேன். அவளுக்கு இப்போது நாற்பது வயதிருக்கும். கடித்ததை எப்படிக் கொடுப்பது என்று அவள் கேட்டது சரியான கேள்வி, நான்தான் பதில் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடச் சமையற்கட்டில்தான் சொன்னாள். அன்னக்கனி எங்கள் பள்ளியில் சத்துணவு ஆயா. நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். மதிய மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது, நான் தேயிலை குடிக்கப் போயிருந்தேன், அவள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மகள் தபித்தாள் மூளைக்காய்ச்சலில் போய் இருபது நாள் இருக்கும். ஆறு வயசு. இன்னும் இரண்டு வருஷத்தில் என் வகுப்புக்கு வர வேண்டிய பிள்ளை. ஆறுதலாக எதையாவது சொல்லலாம் என்று நான் வாயெடுக்க, அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டா? யார்ட்டயும் சொல்லல" என்றாள். "பிள்ள ரெண்டு நாளா ஒரு வாய் தண்ணி குடிக்கல, டம்ளர் எங்க அழுக்காவும்? ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தா கடைசியில குழாயடியில நின்னு கழுவுதேன். கழுவுதேன், கழுவுதேன், கழுவிக்கிட்டே நிக்கேன். வார்டுக்குத் திரும்பிப் போவ பயம். அப்பம் பொடதியில ஒரு கை, டீச்சர்." பிடரியை அவள் பொடதி என்றுதான் சொல்வாள். "குளுகுளுன்னு. எங்கம்மை எண்ண தேய்க்கும்போ அழுத்துவாள்லா, அந்த மாதிரி. திரும்பிப் பாத்தா யாருமில்ல. 'கழுவுனது போதும், கவுத்து வையி'ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்." அப்புறம் என்று கேட்டேன். பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்திருந்தும் அப்புறம் என்று கேட்டேன், கதை கேட்கிற புத்தி. "அப்புறம் என்ன, கவுத்து வச்சேன். விடியக்காலம் பிள்ள போயிட்டு. ஆனா டீச்சர், எனக்கு நெஞ்சு வெடிக்கல பாத்துக்கிடுங்க. அவிய, ஆண்டவரு, எங்கூட நின்னாவல்லா." சொல்லிவிட்டுக் குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். எனக்குக் கையெல்லாம் புல்லரித்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, அதற்குப் பொறாமை என்று பேர், வேறு பேர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. வேதத்தைத் தலைகீழாகப் படித்தவள் நான், பாடத் தெரிந்தவள், பேசத் தெரிந்தவள், எனக்கு ஒரு நாளும் எந்தக் கையும் வந்ததில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் பிடரியில் வந்திருக்கிறது.

"ஆமென்." ஐயரம்மா முடித்துவிட்டார்கள், டெய்சி இடைவெளி விடாமல் பிடித்துக்கொண்டாள். இனி இவள் நாட்டை ஆளுகிறவர்களில் தொடங்கி, புயல், பூமியதிர்ச்சி, தன் மூட்டுவலி, பேரனின் விசா என்று ஒரு சுற்றுப் போய் வருவாள். போகட்டும். சீக்கிரம் முடிக்காதே டெய்சி. கடலில் போகிறவர்களையும் சேர்த்துக்கொள். நாலு வருஷம் கழித்து என் மகன் ஆல்வினுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தான், குளுக்கோஸ் ஏற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், பத்தியம் வைத்தோம், குணமாகிவிட்டான். நன்றி சொல்ல வேண்டிய காரியம்தான், ஆனால் சொல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அந்த வருஷம் கன்வென்ஷன் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்ல என் பேரைப் போட்டுவிட்டார்கள். பந்தல் நிறையப் பெண்கள், முக்காடு போட்ட தலைகள், பனையோலை விசிறிகள். மருந்து கொடுத்தார்கள், பிழைத்தான் என்று சொல்லி இறங்கினால் யார் கண் கலங்கும்? எனக்கு முன்னால் பேசியவள் அவர்களை அழ வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் மைக்கைப் பிடித்தேன். ஆஸ்பத்திரி என்றேன். வராந்தா என்றேன். வராந்தா நிஜம், எல்லா ஆஸ்பத்திரியிலும் வராந்தா உண்டு. வராந்தாவின் கோடியில் ஒரு குழாய் என்றேன், அங்கேயும் ஒரு குழாய் இருந்தது, சத்தியமாக இருந்தது. அந்தக் குழாயடியில் நான் டம்ளரைக் கழுவிக்கொண்டு நின்றபோது என்றேன், அதற்கப்புறம் நான் நிறுத்த நினைத்தும் நாக்கு நிற்கவில்லை. பிடரியில் ஒரு கை, கதகதப்பான கை. குளிர்ந்த கை என்றால் பயந்துவிடுவார்கள் என்று நின்ற நிற்பில் மாற்றினேன். கவிழ்த்து வை என்று கர்த்தர் பேசுவாரா, அது அடுப்படிப் பேச்சு, அதை விட்டுவிட்டேன். மகளே, கலங்காதே, போ, உன் பிள்ளை உன்னைத் தேடுகிறான் என்று சொன்னார் என்றேன். போனேன், பிள்ளை கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். பந்தலே அழுதது. நானும் அழுதேன், பொய்யழுகை இல்லை, எனக்கே நடந்த மாதிரி அழுதேன். இறங்கி வரும்போதுதான் பந்தலுக்குப் பின்னால் பார்த்தேன், அடுப்பு, அண்டா, அண்டாவில் சாம்பார், துடுப்பைக் கையில் பிடித்தபடி அன்னக்கனி. அவள் தலைக்கு நேர் மேலே புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருந்தார்கள்.

அவள் ஒரு சொல் சொன்னாளா? சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மறுநாள் வழக்கம்போலத் தேயிலை கொண்டுவந்தாள், "நேத்து நல்லாப் பேசுனிய டீச்சர்" என்றாள். குத்தலா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. ஒருவேளை எனக்கும் அப்படியே நடந்தது என்று நம்பிவிட்டாளோ, ஒரே கை இரண்டு பேரிடம் வரக் கூடாதா என்ன, அப்படி அவள் நினைத்திருந்தால் யாருக்கு நஷ்டம், அவளுடையது அவளிடம்தானே இருக்கிறது, நான் எடுத்ததால் அவளுக்குக் குறைந்தா போயிற்று, விளக்கில் விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு அணையுமா? இப்படி ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டு வருஷங்களை ஓட்டினேன். பக்கத்துச் சேகரத்துச் சபைகளில் கூப்பிட்டார்கள், போனேன். சபைப் பத்திரிகையில் என் போட்டோவோடு போட்டார்கள். பிள்ளைக்குச் சுகமில்லாத தாய்மார் என்னைத் தேடி வந்து அந்தக் குழாயடியைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஆல்வின் பெங்களூரில் தன் பிள்ளைகளிடம், உங்க அப்பா பிழைச்சதே ஆண்டவர் ஆச்சி பிடரியில கை வச்சுத்தான் என்று சொல்லி வளர்க்கிறான். அவனிடம் எப்படிச் சொல்வது? ஒரு கல்லை உருவினால் எத்தனை பேர் வீட்டுச் சுவர் சரியும்? முதல் விளக்கு அணையாது என்றேனே, அணைந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பெண்கள் ஞாயிறு அன்று, சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்றபோது அன்னக்கனி எழும்பினாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்த ஒரே நாள். குழாயடி என்று ஆரம்பித்தாள். கழுவிக்கிட்டே நிக்கேன் என்றாள். முன்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ, "இது நம்ம டீச்சர் சாட்சில்லா" என்றார்கள். பிள்ள விடியக்காலம் போயிட்டு என்று அவள் சொன்னதும், "அப்பம் இதுல சாட்சி எங்க இருக்கு?" என்று ஒரு குரல். அன்னக்கனி நின்றுவிட்டாள். அன்றைக்குத் தலைமை நான். மைக் என் கையில். இப்போது சொல்லு எமிலி, இதுதான் நேரம், இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்கே கேட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை, என் சாட்சி அவளுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கிறது, கர்த்தருக்கு மகிமை" என்றேன். கை தட்டினார்கள். அவள் உட்கார்ந்தாள், முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு. முதலில் எடுத்தது நாக்கு சறுக்கி எடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. வீட்டுக்காரி வாசலில் வந்து நிற்கும்போதே கதவைச் சாத்திய திருட்டு.

டெய்சி விசாவுக்கு வந்துவிட்டாள். தூதரகத்து அதிகாரிகளின் கண்களில் தயவு கிடைக்கப்பண்ணும். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்க்கிறேன், பார்க்கப் பார்க்க அது அழகாகிக்கொண்டே போகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. நான் எடுத்தேன். நான் களவாடினேன். பாவியாகிய நான் பறித்துக்கொண்டேன். பார், மோனை வருகிறது. எத்தனை வருஷப் பழக்கம், வாய்க்கு வேறு பாஷை தெரியாமல் போயிற்று. அன்னக்கனி மாதிரி ஒரு வாக்கியம் பேசினால் போதும். எப்சி அடுக்களையில் ஏதோ பாத்திரத்தைத் தட்டிவிட்டாள். மின்சாரம் போய்விட்டது, விசிறி தட்டுவது மெதுவாகி நின்றது. இப்போது எல்லார் மூச்சும் கேட்கிறது, கட்டிலில் இருந்து வருகிற மூச்சும். கரகரவென்று, ஒவ்வொன்றாக. டெய்சி ஆமென் சொல்லிவிட்டாள். இடைவெளி. சங்கிலியில் இடைவெளி விழக் கூடாது. அன்னக்கனிக்குத் தெம்பு இல்லை போலிருக்கிறது, அப்படியானால் அடுத்தது நான், நான் இன்னும் தயாராகவில்லை. ஐயரம்மா, "அன்னக்கனியம்மா, முடிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க, இல்லாட்டி மனசுக்குள்ள சொன்னாப் போதும்" என்றார்கள். கயிற்றுக்கட்டில் கிரீச்சிட்டது.

"ஆண்டவரே, எனக்கு நீளமா ஜெபிக்கத் தெரியாது. டீச்சர் மவனுக்கு சொகமில்லாதப்ப குழாயடில வந்து டீச்சர் பொடதில கை வச்சீரு. அது பெரிய காரியம். எம்பிள்ளைக்கி நீரு வரல. வரலன்னு கொற சொல்லல. எங்கிட்டயும் வந்த மாதிரி கொஞ்ச நாள் நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன், அதுக்கு மன்னிச்சிக்கிடும். இப்பம் போவப்போறேன், பயமா இருக்கு. டீச்சருக்கு வச்ச மாதிரி எனக்கும் ஒரே ஒரு தடவ கை வையும். அவ்வளவுதான். ஆமென்."

கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன் என்பது நினைவிருக்கிறது, மூடிய கண்ணுக்குள் தண்ணீர் எங்கே போகும் என்று தெரியவில்லை. அவளுடையதை அவள் பிச்சை கேட்கிறாள். அவளிடம் இருந்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்கிறாள். சங்கிலி என்னிடம் வந்துவிட்டது. பேசு. எங்கள் பரலோகப் பிதாவே என்று ஆரம்பித்தேன், அது தானாக வருகிறது, நிறுத்தினேன். ஆண்டவரே என்றேன். "அந்தக் கை என் பிடரியில் படவே இல்லை. அது அன்னக்கனியின் பிடரியில் பட்டது. அந்தச் சாட்சி அவளுடையது. நான் அதை எடுத்து என்னுடையது என்று சொல்லிக்கொண்டேன். நான் திருடி. இன்று இவளுடையதை இவளிடம் திருப்பிக் கொடுக்கிறேன், நீரே சாட்சி." சொல்லிவிட்டேன். சொல்லியே விட்டேன். ஒரு மூச்சு விடுவதற்குள் ஐயரம்மா, "ஆமென், அல்லேலூயா!" என்றார்கள், டெய்சி விம்மிக்கொண்டே சொன்னாள், "டீச்சர் தனக்குக் கிடைச்ச ஆசீர்வாதத்தையே எடுத்துத் தாராங்களே, ஆண்டவரே, என்ன தாழ்மை, என்ன அன்பு!" கண்ணைத் திறந்தேன். மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள், பந்தலில் பார்த்த அதே பார்வை. இல்லை ஐயரம்மா, நான் நிஜமாகத்தான் சொன்னேன், நடந்ததைச் சொன்னேன், எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றேன். குரல் நடுங்கியது, அதுவும் அவர்களுக்கு அழகாகப் போயிற்று. "எவ்வளவு பெரிய மனசு டீச்சரம்மா ஒங்களுக்கு" என்று ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அன்னக்கனியைப் பார்த்தேன். நீயாவது சொல்லு. சமையற்கட்டில் நீ சொன்னது நினைவில்லையா, முறம், அரிசி, யார்ட்டயும் சொல்லல என்று சொன்னாயே. கேட்டேன், வாய்விட்டுக் கேட்டேன். அவள் சிரித்தாள், பல்லெல்லாம் போன வாய். "எனக்காவச் சொல்லுதிய டீச்சர். எனக்குத் தெரியும். ஒங்களுக்கு எம்மேல எப்பவும் எரக்கம்."

நாற்காலியைக் கட்டில் ஓரம் இழுத்துப் போட்டேன். "ஒங்க கையையாவது வையுங்க டீச்சர், கர்த்தர் தொட்ட ஒடம்பு" என்றாள். என் உடம்பில் அவர் தொட்ட இடம் ஒன்றும் இல்லை என்பதை இனி எந்த மொழியில் சொல்வது? அவள் தலைமயிரை விலக்கிப் பிடரியில் கை வைத்தேன். எலும்பு. வியர்வை. "சூடா இருக்கு" என்றாள். "அது குளுகுளுன்னுல்லா இருந்திச்சு." இருக்கிறது, அவளிடம் இன்னும் இருக்கிறது, உடம்பு விட்டுக்கொடுக்கவில்லை. அன்னக்கனி, சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்பதற்குள் ஐயரம்மா அன்பாக, "இல்லம்மா, டீச்சர் சாட்சில கதகதப்பான கைன்னுல்லா இருக்கு, பத்திரிகையில நான் வாசிச்சிருக்கேன்" என்றார்கள். அன்னக்கனி யோசித்தாள். "அப்படியா? அப்பம் எனக்குத்தான் மறந்துபோச்சி." மறக்கவில்லை, குளிர்ச்சிதான், நீ சொன்னதுதான் சரி, நான்தான் மாற்றினேன் என்றேன், கிட்டத்தட்டக் கத்தினேன். "சரி டீச்சர்" என்றாள், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "நீங்க சொன்னா சரிதான்."

எப்சி தேயிலை கொண்டுவந்தாள், மின்சாரமும் வந்தது, விசிறி தட்டத் தொடங்கியது. டெய்சி பிஸ்கட்டை நனைத்துக்கொண்டு எப்சியிடம் விசா விஷயத்தை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். நான் முக்காலியைப் பார்த்தேன். அந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை, எந்தப் பந்தலிலும், எந்தப் பத்திரிகையிலும். அது அடுப்படிப் பேச்சு என்று நான் ஒதுக்கியது, ஒதுக்கியதால் தப்பித்தது. அது அவளிடம்தான் இருக்க வேண்டும், அவளிடம் மட்டும். குனிந்து அவள் காதருகே கேட்டேன், அன்னக்கனி, இந்த டம்ளரை ஏன் கவிழ்த்து வைத்திருக்கிறாய்? திரும்பிப் பார்த்தாள். "மருமவளும் கேப்பா. கழுவுனா ஒடனே கவுத்தீரணும் எனக்கு, இல்லன்னா ஒறக்கம் வராது. ஏன்னு தெரியல டீச்சர். பழக்கம்." அன்றைக்கு ஒரு சத்தம் கேட்டதே, ஒரு வார்த்தை, என்ன வார்த்தை என்று யோசித்துப் பார் என்றேன். கண்ணை மூடி யோசித்தாள். என் உயிரெல்லாம் அந்த நெற்றிச் சுருக்கத்தில் இருந்தது. ஆண்டவரே, இதை மட்டும் அவள் வாயில் இருந்து வரப்பண்ணும், நான் சொல்லும்படி வைக்காதேயும், நான் சொன்னால் அதுவும் என்னுடையதாகிவிடும். மூச்சு கரகரத்தது. "ஒண்ணும் வரல டீச்சர்" என்றாள். "பயமா இருக்கு." அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வேறு என்ன செய்ய? சொன்னேன். கழுவினது போதும், கவிழ்த்து வை. அதுதான் சொன்னார், உன்னிடம்தான் சொன்னார். அன்னக்கனி அதை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது, தோள் தளர்ந்தது. பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"இது எவ்வளவு நல்லாருக்கு டீச்சர். இத்தன வருசமா நீங்க கூட்டத்துல இத மட்டும் ஏன் சொல்லாம விட்டிய?"